ஜேம்ஸ் விரிகுடா க்ரீ ஊரில் சின்ன எஃப்எம் நடத்துவது எப்படி?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் விளங்கட்டும். கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில், ஜேம்ஸ் விரிகுடாவின் மேற்குக் கரையில், க்ரீ எனும் பூர்வகுடி மக்களின் ஊர் ஒன்றில் ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறீர்கள். ஊரில் முன்பு ஓடிய வானொலி சில வருடங்களாக நின்று கிடக்கிறது. பேண்ட் கவுன்சில், அதாவது ஊர் மன்றம், ஒரு காலி அறையும், ஒலிகளைக் கலக்கும் பழைய மிக்ஸரும், இரண்டு மைக்கும் தரத் தயாராக இருக்கிறது. கையில் இருப்பதை வைத்து ஒலிபரப்பைத் திரும்பத் தொடங்க முடியுமா, எத்தனை வாட் வேண்டும், அனுமதி எப்படி வாங்குவது, தினமும் எதைப் போடுவது? இவைதான் உங்கள் கேள்விகள்.

முடியும். வடக்கு ஒண்டாரியோவில் இப்படிப்பட்ட சின்ன நிலையங்களுக்கு ஆன்டெனா ஏற்றுவது, மிக்ஸர் பழுது பார்ப்பது என்று பல வருடம் வேலை செய்தவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எல்லாரும் ட்ரான்ஸ்மிட்டரில் ஆரம்பிப்பார்கள். நான் தொலைபேசியில் ஆரம்பிக்கச் சொல்வேன். அந்த ஊர்களில் வானொலி என்றால் ஊர்க்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் இடம். ஒருவர் மைக் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே போக, மற்றவர்கள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் ஏற்பாடு அங்கே நிலைக்காது. போன் அடிக்க வேண்டும், எடுத்துக் காற்றில், அதாவது ஒலிபரப்பில், விட வேண்டும்.

ஒரு சாதாரணக் காலை எப்படிப் போகும் என்று பாருங்கள். டிம்மின்ஸிலிருந்து வரும் ஏர் க்ரீபெக் விமானம் மூடுபனியால் தாமதம் என்று விமானத்தளத்திலிருந்து ஒருவர் கூப்பிடுவார். கிளினிக்கில் இன்று பல் மருத்துவர் இருக்கிறார் என்று நர்ஸ் சொல்வார். யாரோ ஒருவருடைய ஸ்னோமொபைல் சாவி கடை வாசலில் கிடக்கும். ஒரு பாட்டிக்குப் பிறந்தநாள், பேரன் ஒரு பாட்டு போடச் சொல்வான். ஆற்றைக் கடக்கும் பாதையில் ஒரு இடத்தில் பனிக்கட்டிக்கு மேலே தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அதிகாலையிலேயே போய்வந்த ஒருவர் எச்சரிப்பார். இதில் ஒன்றுகூட வெளியூரிலிருந்து வருகிற எந்தச் சேனலிலும் வராது. ஃபேஸ்புக்கில் வரலாம், ஆனால் போனே வைத்திருக்காத தாத்தா சமையலறையில் அதைக் கேட்க முடியாது.

இதற்கு ஒரு பின்னணி உண்டு. 1972இல் அனிக் செயற்கைக்கோள் ஏறிய பிறகு தெற்கிலிருந்து ஆங்கில நிகழ்ச்சிகள் வடக்கே கொட்டத் தொடங்கின. வடக்கிலிருந்து வடக்குக்கே பேச வழி இல்லை. அதனால்தான் வடமேற்கு ஒண்டாரியோவின் சூ லுக்கவுட் ஊரில் 1974இல் வாவாட்டே எனும் பூர்வகுடி ஒலிபரப்பு அமைப்பு தொடங்கியது. காட்டில் பொறி வைத்து வேட்டையாடுகிறவர்களுக்கு, நெடுந்தூரம் பேச உதவும் ஹெச்எஃப் (சிற்றலை) ரேடியோப் பெட்டிகள் கொடுத்தது அவர்களுடைய முக்கிய வேலைகளில் ஒன்று. பிறகு ஓஜிப்வே, ஓஜி-க்ரீ, க்ரீ மொழிகளில் ஒலிபரப்பு வந்தது. விரிகுடாவின் கிழக்குப் பக்கம், கியூபெக்கில், ஜேம்ஸ் பே க்ரீ கம்யூனிகேஷன்ஸ் சொசைட்டி 1981இல் அமைந்தது. 1983இல் மத்திய அரசு வடக்குப் பூர்வகுடி ஒலிபரப்புக்கு ஒரு நிதித் திட்டம் கொண்டுவந்தது, 1990இல் அதை வெட்டியது. ஊர் நிலையங்கள் பெரும்பாலும் தங்கள் காலிலேயே நிற்கப் பழகியவை.

உங்கள் ஊர் நிலையம் முன்பு ஓடியிருக்கிறது என்பதால் முதல் வேலை பேண்ட் ஆபீஸ் அலமாரியைத் துழாவுவது. பழைய சான்றிதழ், அழைப்பு எழுத்துகள், அலைவரிசை எண் எல்லாம் ஏதாவது ஒரு கோப்பில் கிடக்கும். கனடாவில் ஒலிபரப்ப இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும். ஒன்று சிஆர்டிசி என்கிற ஒலிபரப்பு ஆணையம். வேறு வணிக வானொலி இல்லாத இடங்களில், பூர்வகுடி மக்களே நடத்தும் லாபநோக்கமற்ற நிலையங்களுக்கு 1998இல் அது ஒரு விலக்கு ஆணை போட்டது. நிபந்தனைகளுக்குள் அடங்கினால் முழு உரிம விண்ணப்பம் தேவைப்படாது. இன்னொன்று அலைவரிசையைக் கவனிக்கும் மத்திய தொழில்துறை இலாகா. அதன் தொழில்நுட்பச் சான்றிதழ் தனி. சிஆர்டிசி விலக்கு இருக்கிறதே என்று இதை விட்டுவிடக் கூடாது. குறைந்த சக்தி எஃப்எம் வகுப்பில் 50 வாட் வரை போகலாம், உங்களுக்கு அதுவே அதிகம். எழுதிக் கேளுங்கள், அங்கிருப்பவர்கள் உதவுவார்கள். அனுமதி கைக்கு வரும் முன் சும்மா ஒரு சோதனை என்றுகூட ஆன்டெனாவில் சக்தியை ஏற்றாதீர்கள். சோதனைக்கு டம்மி லோடு இருக்கிறது, ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டினால் சக்தியை வெளியே விடாமல் தானே வாங்கிக்கொள்ளும்.

இதில் நான் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்றால், சட்டத்தைவிடப் பெரிய காரணம் உண்டு. எஃப்எம் அலைவரிசை 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. அங்கேயே விமான வழிகாட்டி அலைவரிசை தொடங்கி, 118இலிருந்து விமானி பேசும் அலைவரிசை வருகிறது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் ட்ரான்ஸ்மிட்டர்கள் பலவற்றில் வடிகட்டி ஒழுங்காக இருக்காது. நீங்கள் 100இல் பேச, அதன் எச்சில் அலைகள் மேலேயும் கீழேயும் சிந்தும். உங்கள் ஊரில் விமானத்தளம் வீடுகளிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும். நள்ளிரவில் நோயாளியை மருத்துவமனை உள்ள மூஸ் ஃபாக்டரி ஊருக்குக் கொண்டுபோக வருகிற விமானி காதில் உங்கள் ஃபிடில் இசை விழக்கூடாது. அதனால் கனடாவில் சான்று பெற்ற ட்ரான்ஸ்மிட்டர்தான், அதற்குப் பிறகு, மேலே சிந்தும் அலைகளைத் தடுக்க ஒரு லோ-பாஸ் வடிகட்டி. காசு குறைவு என்றால் மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பிடியுங்கள், இதில் வேண்டாம்.

சரி, எத்தனை வாட்? உங்கள் ஊர் இருக்கும் ஹட்சன் விரிகுடாத் தாழ்நிலம் மேசை போலத் தட்டை. மலை மறைக்காது. ஆன்டெனா 15 மீட்டர் உயரத்தில் இருந்தால் கார் ரேடியோவுக்கு நேர்க்கோட்டுப் பார்வை சுமார் 20 கிலோமீட்டர் வரை போகும். ஊர் முழுக்கவே இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். 10 வாட் தாராளம். வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபெல், உயரத்தை இரட்டிப்பாக்கினால் ஏறக்குறைய 6. ஆகவே பெரிய ட்ரான்ஸ்மிட்டர் வாங்க வைத்திருக்கும் பணத்தில் ஒரு நல்ல கம்பம் நடுங்கள்.

கேபிளையும் பாருங்கள். ஆர்ஜி-58 எனும் மெல்லிய கோஆக்ஸ் 30 மீட்டர் ஓடினால், 100 மெகாஹெர்ட்ஸில் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு கேபிளிலேயே சூடாகப் போய்விடும். எல்எம்ஆர்-400 எனும் தடித்த கேபிள் போட்டால் போவது கால் பங்குதான். பழைய நிலையத்தில் சத்தம் எட்டவில்லை என்ற புகார் இருந்திருந்தால் ட்ரான்ஸ்மிட்டரைக் குறை சொல்லும் முன் கேபிளை அளந்து பாருங்கள்.

ஆன்டெனாவைக் கையாலேயே செய்யலாம். செங்குத்தாக நிற்கும் ஒரு செம்புக் கம்பி, 100 மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 71 சென்டிமீட்டர். அதன் அடியில் நான்கு கம்பிகள், கொஞ்சம் நீளமாக, 45 பாகை கீழ்நோக்கிச் சாய்த்து. இப்படிச் சாய்த்தால் மின்தடை 50 ஓமுக்கு நெருங்கி வரும், கேபிளோடு பொருந்தும். ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரை வைத்து 1.5க்குக் கீழே வரும்வரை நடுக்கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்குங்கள். முதலில் நீளமாகவே விட்டுவிடுங்கள், நறுக்கியதை ஒட்ட முடியாது. அக்டோபர், நவம்பரில் உறைமழை பெய்து கம்பியில் பனி படிந்தால் எஸ்டபிள்யூஆர் எகிறும், ட்ரான்ஸ்மிட்டரின் கடைசி டிரான்சிஸ்டர் அதில்தான் போகும். நடுக்கம்பிக்கு ஒரு பிவிசி குழாய் உறை போடுங்கள். உறை போட்டால் அலைவரிசை சற்று இறங்கும், அதனால் உறைக்குள் வைத்தே அளந்து நறுக்க வேண்டும். கம்பம் ஏறுகிற வேலையை செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். மைனஸ் 35இல் பிவிசி மேலுறை உள்ள கேபிளை வளைத்தால் கண்ணாடி மாதிரி வெடிக்கும், விரல்களும் வேலை செய்யாது.

இரண்டு சின்ன அமைப்புகளை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், ஆனால் ஒலியின் தரமே அதில்தான் இருக்கிறது. ஸ்டீரியோவை அணைத்து மோனோவில் விடுங்கள். ஸ்டீரியோவை இரைச்சலில்லாமல் கேட்க ரேடியோவுக்கு ஏறக்குறைய 20 டெசிபெல் கூடுதல் சிக்னல் வேண்டும். பேச்சுக்கு அது எதற்கு? மோனோவில் ஊருக்கு வெளியே வேட்டை முகாமில் இருப்பவருக்கும் தெளிவாகக் கேட்கும். அடுத்தது ப்ரீ-எம்ஃபசிஸ், அதாவது ஒலிபரப்பும் முன் கீச்சான ஒலிகளைக் கொஞ்சம் தூக்கிவிடும் அமைப்பு. வட அமெரிக்காவில் அது 75 மைக்ரோ நொடி, இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 50. இறக்குமதிப் பெட்டி 50இல் இருந்தால் குரல் கம்பளி போர்த்திய மாதிரி மந்தமாக வரும். அலைவரிசையும் 98.1, 98.3 என்று ஒற்றைப்படைத் தசமத்தில்தான் அங்கே இருக்க வேண்டும்.

அப்புறம் குளிர். வெளியிலிருந்து கொண்டுவரும் எந்தக் கருவியையும் பையோடு மூடியபடியே அறையில் சில மணி நேரம் விடுங்கள். உடனே திறந்தால் சூடான அறையின் ஈரம் சர்க்யூட் பலகை மேல் வியர்த்து நிற்கும், அந்த நிலையில் ஸ்விட்சைப் போட்டால் கதை முடிந்தது. நடுக்குளிரில் வீட்டுக்குள் காற்று எலும்பாக உலர்ந்திருக்கும். கம்பளச் சட்டையோடு நடந்துவந்து மிக்ஸரைத் தொட்டால் நிலைமின்சாரம் பொறி பறக்கும், கணினியின் ஒலி அட்டை அதில் சாகும். மேசை விளிம்பில் ஒரு உலோகப் பட்டையை ஒட்டி எர்த் செய்துவிடுங்கள், உட்காருகிறவர் முதலில் அதைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கட்டும்.

மின்சாரத்துக்கு வருவோம். ஃபோர்ட் ஆல்பனி, கஷெச்சுவான், அட்டவாபிஸ்கட் ஊர்களுக்கு மின்கம்பி வந்துவிட்டது. இன்னும் வடக்கே பியவானக் டீசலில் ஓடுகிறது. எங்கே இருந்தாலும் புயலில் மின்சாரம் போகும், அப்போதுதான் ஊருக்கு வானொலி வேண்டும். ட்ரான்ஸ்மிட்டர், சின்ன மிக்ஸர், ஒரு மைக், ஒரு போன் மட்டும் என்றால் 70 வாட் போல எடுக்கும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்று வைத்தால் 600 வாட்-மணி, எட்டு மணி நேரம் வரும். கணினியையும் இணைத்தால் அது நான்கைந்து மணியாகச் சுருங்கும், அதனால் மின்வெட்டில் கணினி இல்லாமல் நடத்தப் பழகுங்கள். பேட்டரியை வெளித் தாழ்வாரத்தில் வைக்காதீர்கள். சார்ஜ் இறங்கிய லெட் ஆசிட் உறைந்து வெடித்துவிடும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்கினால் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றக்கூடாது.

இப்போது தொலைபேசி. அதற்கென்று விற்கும் ஹைப்ரிட் பெட்டி விலை அதிகம். உங்களிடம் இருக்கும் மிக்ஸரில் ஆக்ஸ் வெளியீடு, அதாவது எந்தச் சேனல் எவ்வளவு போகவேண்டும் என்று தனியாக வைக்கக்கூடிய வெளியீடு, ஒன்று இருந்தால் போதும். பழைய கைபேசி ஒன்றை எடுத்து, அதன் ஹெட்செட் துளையிலிருந்து ஒரு பிரிப்புக் கம்பி. கைபேசியின் ஒலி மிக்ஸரின் ஒரு சேனலுக்கு வரட்டும். கைபேசியின் மைக் கம்பிக்கு ஆக்ஸ் வெளியீட்டிலிருந்து அனுப்புங்கள். அந்த ஆக்ஸில் எல்லாச் சேனலையும் திறந்து, போன் வரும் சேனலை மட்டும் முழுக்க மூடிவிடுங்கள். இதுதான் மர்மம் முழுவதும். அழைத்தவருக்கு உங்கள் குரல் கேட்கும், அவருடைய சொந்தக் குரல் திரும்பி வராது, ஊளைச் சத்தம் எழாது. ஆக்ஸ் அளவைக் குறைவாக வைத்துத் தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள், இல்லாவிட்டால் மைக் உள்ளீடு உடைந்து கரகரக்கும். ஸ்பீக்கர்போனை மைக்குக்கு முன்னால் பிடிப்பது முதல் நாளைக்குச் சரி, பழக்கமாக்க வேண்டாம்.

போன் எடுக்கிறவர் முதலில் சொல்லவேண்டியது: "ரேடியோ சத்தத்தைக் குறையுங்கள்." இரண்டாவது, உடனே காற்றில் விடாமல் யார், என்ன விஷயம் என்று ஒரு வரி கேட்டுக்கொள்வது. இந்த நிலையங்களில் பேச்சைச் சில நொடி தாமதித்து அனுப்பும் கருவி இருக்காது. அறிவிப்பாளரின் விரல்தான் தணிக்கை. குடித்துவிட்டுக் கூப்பிடுகிறவர், பக்கத்து வீட்டுச் சண்டையை இங்கே இழுக்கிறவர் எல்லாம் வருவார்கள். அவர்களை மரியாதையாக இறக்கிவிடத் தெரிந்த ஒரு நடுவயதுப் பெண்மணியை அந்த ஊரிலேயே கண்டுபிடியுங்கள். யாரைச் சொல்வது என்று ஊருக்குத் தெரியும்.

மொழியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. க்ரீ ஆல்பர்ட்டாவிலிருந்து கியூபெக் வரை பரந்த மொழி. சமவெளியில் ஒரு பேச்சு, உங்கள் கரையில் சதுப்புநில க்ரீ, மூஸ் ஃபாக்டரியில் இன்னொன்று, கிழக்குக் கரையில் வேறு. சஸ்காட்சுவானில் பதிவு செய்த நிகழ்ச்சி இணையத்தில் அழகாகக் கிடைக்கிறது என்று நேரத்தை நிரப்பப் போடாதீர்கள். எப்போதாவது ஒன்று சரி, ஆனால் தங்கள் ஊர்ப் பேச்சு காதில் விழத்தான் மூத்தவர்கள் ரேடியோவைத் திருப்புகிறார்கள். ஃபோர்ட் ஆல்பனியில் இருந்த செயின்ட் ஆன்ஸ் உறைவிடப் பள்ளி 1976 வரை நடந்தது. க்ரீ பேசியதற்காகக் குழந்தைகள் தண்டிக்கப்பட்ட காலம் அது. அங்கே படித்தவர்கள் இன்றும் உங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மைக் முன்னால் உட்கார்ந்து தன் மொழியில் வானிலை வாசிக்கிறார் என்றால் அது எவ்வளவு பெரிய காரியம் என்று நீங்கள் உணர வேண்டும். உள்ளே அழைத்துவந்து, தண்ணீரும் தேநீரும் வைத்து, அவசரப்படுத்தாமல் இருங்கள். பேச்சுக்கு நடுவே நீளமான மௌனம் வரும். அதை நிரப்ப நீங்கள் பேசாதீர்கள், பாட்டும் போடாதீர்கள். கேட்கிறவர்களுக்கு அந்த மௌனம் பழக்கமானது.

அறிவிப்புத் தாள்களை க்ரீ அசையெழுத்திலும் ரோமன் எழுத்திலும் சேர்த்தே எழுதி வையுங்கள். 1840 வாக்கில் மானிட்டோபாவின் நார்வே ஹவுஸ் ஊரில் ஜேம்ஸ் எவான்ஸ் எனும் மிஷனரி அச்சிட்ட அந்த அசையெழுத்தை மூத்தவர்கள் சரளமாக வாசிப்பார்கள், இளையவர்களில் பலர் தடுமாறுவார்கள். ஒரே தாளில் இரண்டும் இருந்தால் யார் வந்து உட்கார்ந்தாலும் வாசிக்கலாம். உங்கள் மாணவர்களுக்கும் நல்ல வேலை கிடைக்கும்.

கதைகளில் மட்டும் மிகக் கவனம். க்ரீ மக்களிடம் நடந்ததைச் சொல்லும் பேச்சு வேறு, பழங்காலப் புனிதக் கதைகள் வேறு. பின்னதைப் பல ஊர்களில் பனிக்காலத்தில்தான் சொல்வார்கள். ஜனவரியில் ஒரு மூத்தவர் சொன்னதைப் பதிவுசெய்து ஜூலையில் நேரம் நிரப்பப் போட்டால் மனம் புண்படும். எதைப் பதிவு செய்யலாம், எப்போது போடலாம், அவர் மறைந்த பிறகு அந்தப் பதிவை என்ன செய்வது என்று சொன்னவரிடமும் குடும்பத்தாரிடமும் முதலிலேயே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயரிலேயே மாதத்தையும் குறித்துவிடுங்கள். பதிவுகள் ஊர் மன்றத்துக்குச் சொந்தம், உங்கள் மடிக்கணினிக்கு அல்ல.

சாவுச் செய்தி வந்தால், குடும்பம் சொல்லும்வரை வாயைத் திறக்கக்கூடாது. கேள்விப்பட்டது உண்மையாகவே இருந்தாலும் சரி. நகரத்து மருத்துவமனையில் இறந்தவரின் மகள் இன்னும் விமானத்தில் இருக்கலாம். அறிவித்த பிறகு பாட்டு மாறும். பல ஊர்களில் க்ரீ கிறிஸ்தவப் பாடல்கள் மட்டுமே ஓடும், பிங்கோ எனும் எண் சீட்டு விளையாட்டும் நிற்கும். எத்தனை நாள், எப்படி என்று மூத்தவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். சோகம் வந்த நேரத்தில் போய்க் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது.

பிங்கோ என்றதும் வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்க வேண்டாம். வடக்கில் எத்தனையோ ஊர் வானொலிகளின் மின்கட்டணமும் உதிரிபாகச் செலவும் ரேடியோ பிங்கோவிலிருந்துதான் வருகிறது. கடையில் சீட்டு விற்பார்கள், இரவில் குடும்பமே அடுக்களை மேசையைச் சுற்றி உட்காரும், நிலையத்தில் ஒருவர் எண்களைக் கூப்பிடுவார், கிடைத்தவர் போன் அடிப்பார். இதற்குச் சூதாட்ட உரிமம் தனியாக வேண்டும், ஊர் மன்றத்திடம் கேட்டு முறையாக வாங்குங்கள். சீட்டுக் கணக்கை இரண்டு பேர் சேர்ந்து பார்க்கட்டும். எண்களை ஆங்கிலத்தோடு க்ரீயிலும் கூப்பிடச் சொல்லுங்கள். பேயக், நீஷோ, நிஸ்தோ என்று தொடங்கி 75 வரை, காசு கைக்கு வருமா என்ற ஆவலோடு காதைத் தீட்டிக் கேட்கும் குழந்தை, வகுப்பில் கற்பதைவிட வேகமாகக் கற்கும். இதை ஆசிரியராக நீங்கள் ரசிப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஊரே சொல்லிவிடும். கன்ட்ரி, பக்திப் பாடல்கள், ஃபிடில். அந்த ஃபிடில், ஹட்சன் பே கம்பெனியில் வேலைக்கு வந்த ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுக்காரர்கள் வழியாக வந்து, ஜேம்ஸ் விரிகுடாவில் க்ரீ இசையாகவே ஆகிவிட்டது. ஊரில் வாசிப்பவர் யாராவது கட்டாயம் இருப்பார், ஒரு மாலை கூப்பிட்டுப் பதிவு செய்யுங்கள்.

பருவத்துக்கு ஏற்ப நிலையமும் மாறவேண்டும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை வாத்து வேட்டைக்காலம். பாதி ஊர் முகாம்களுக்குப் போய்விடும், உங்கள் அறிவிப்பாளர்களும் போய்விடுவார்கள். அவர்களைப் பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள். காலை அரை மணி, மாலை அரை மணி என்று சுருக்கிக்கொள்ளுங்கள். முகாம்களுக்குச் செய்தி வாசிப்பதே அந்த நாட்களில் முக்கிய வேலை. எஃப்எம் எட்டாத தூரத்தில் இருப்பவர்களுக்கு ஹெச்எஃப் ரேடியோ வைத்திருப்பவர் ஒருவர் மூலம் சொல்லி அனுப்பலாம், ஆனால் வடவொளி (வானில் ஆடும் அரோரா) பலமாக ஆடும் இரவுகளில் ஹெச்எஃப் செத்துவிடும் என்பதைக் கணக்கில் வையுங்கள். எஃப்எம்மை அது தொடாது.

அதே வாரங்களில்தான் ஆறு உடைகிறது. தெற்கே மேல்நதியில் பனி முதலில் உருகி, வடக்கே கழிமுகத்தில் இன்னும் கெட்டியாக நிற்கும் பனிக்கட்டியில் வந்து முட்டும். அணை கட்டினாற்போல் தண்ணீர் ஏறும். 1986 மே 16 அன்று வினிஸ்க் ஊரை இப்படித்தான் வெள்ளம் அடித்துப்போனது, இருவர் இறந்தார்கள். ஊரே 30 கிலோமீட்டர் மேல்நதியில் பியவானக் என்று புதிதாக அமைந்தது. கஷெச்சுவான் மக்கள் இன்றும் வசந்தம் வந்தால் பலமுறை ஊரைக் காலி செய்யவேண்டியிருக்கிறது. ஆகவே ஆற்றுப் பார்வையாளர்கள் நிலையத்துக்கு நேரடியாகப் பேச ஒரு தனி எண் வையுங்கள், அதை ஊருக்குச் சொல்லாதீர்கள், பிறந்தநாள் அழைப்புகளில் அது மாட்டிக்கொள்ளக் கூடாது. வெளியேறும் உத்தரவை யார் வாசிக்கலாம் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். தலைவரோ அவர் நியமித்தவரோ மட்டும். க்ரீயில் முதலில், ஆங்கிலத்தில் அடுத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப. எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார் என்ற பட்டியல் நர்ஸிடம் இருக்கட்டும், காற்றில் பெயர் சொல்ல வேண்டாம். மூத்தவர்கள் வீட்டில் பேட்டரியில் ஓடும் ஒரு ரேடியோ இருக்கிறதா என்று மார்ச்சிலேயே உங்கள் மாணவர்களை அனுப்பிப் பாருங்கள். இல்லாத வீட்டுக்கு வாங்கிக் கொடுக்க முதல் பிங்கோ பணத்தைச் செலவிடலாம்.

மூஸ் ஃபாக்டரியிலோ கிங்ஸ்டனிலோ மருத்துவமனையில் படுத்திருப்பவர்களுக்கு ஊர்க்குரல் கேட்க இணையத்திலும் விடலாம். நல்ல காரியம்தான், எஃப்எம் உறுதியான பிறகு செய்யுங்கள். இணையத்தில் விடும்போது காற்றில் பேசுவது ஊர் எல்லையைத் தாண்டுகிறது என்று பேசுகிறவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஆள் விஷயம்தான் பெரும்பாலான நிலையங்களை மூடுகிறது. ஒரே ஆள் காலையில் திறந்து, பகலில் கம்பி ஒட்டி, இரவில் பிங்கோ கூப்பிட்டு, இரண்டு குளிர்காலத்தில் களைத்துவிடுகிறார். அவர் போனதும் சாவி எங்கே என்றுகூட யாருக்கும் தெரியாது. தொடக்கத்திலேயே மூன்று பேரிடம் சாவி, மூன்று பேருக்கும் ட்ரான்ஸ்மிட்டரை ஏற்றி இறக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஏற்றும் முறையைப் படம் போட்டு க்ரீயிலும் ஆங்கிலத்திலும் சுவரில் ஒட்டுங்கள். நாள் முழுக்க ஒலிபரப்ப ஆசைப்படாதீர்கள். தினமும் காலை எட்டிலிருந்து ஒன்பது, தவறாமல். ஊர் அந்த ஒரு மணி நேரத்தை நம்பத் தொடங்கினால் மற்ற நேரம் தானாக வளரும். மிச்ச நேரத்துக்கு வாவாட்டேவின் நிகழ்ச்சிகளை எடுத்துப் போட முடியுமா என்று அவர்களிடம் கேளுங்கள்.

உங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெளியிலிருந்து வரும் ஆசிரியர்களில் பலர் ஓரிரு வருடத்தில் கிளம்பிவிடுவார்கள், ஊருக்கு அது தெரியும். சான்றிதழில் உங்கள் பெயர் வேண்டாம், பேண்டின் பெயரோ ஊர்ச் சங்கத்தின் பெயரோ இருக்கட்டும். மைக்கிலும் நீங்கள் அதிகம் வரவேண்டாம். கம்பி ஒட்டுவது, கடிதம் எழுதுவது, மாணவர்களைப் பழக்குவது, இதெல்லாம் உங்கள் கையில் இருக்கட்டும். எந்தப் பாட்டு, எந்தக் கதை, யாருடைய குரல் என்பது ஊரின் முடிவு.

அனுமதிக்கும் கருவிக்கும் சில மாதம் ஆகும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். பள்ளி ஒலிபெருக்கியில் தினமும் காலை பத்து நிமிடம், ஒரு மூத்தவரும் ஒரு மாணவரும் சேர்ந்து வானிலை, விமானம், பிறந்தநாள் மூன்றையும் க்ரீயில் வாசிக்கட்டும். அதே மிக்ஸர், அதே மைக், அதே போன் இணைப்பையே பயன்படுத்துங்கள், கோளாறு எல்லாம் இப்போதே வெளிவந்துவிடும். பழைய மிக்ஸரின் எந்த ஃபேடர் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி) கரகரக்கிறது என்று குறித்துவைத்து, கான்டாக்ட் கிளீனர் ஒரு டப்பா முன்கூட்டியே வரவழையுங்கள். ஏரோசால் டப்பாக்களை விமானச் சரக்கில் ஏற்றக் கட்டுப்பாடு உண்டு, ஜனவரியில் பனிச்சாலை திறந்ததும் தெற்கே மூசனி ஊரிலிருந்து வரும் லாரியில் சொல்லிவைப்பது சுலபம்.